உப்பளத்தில் ஒரு பாட்டு: 3 நிமிடம் 36 வினாடி மாணவர் இசைக் காணொளி – ஒரு நிகழ்வு ஆய்வு

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டில் குழு புராஜெக்ட்டாக ஓர் இசைக் காணொளி செய்தாக வேண்டும். நான்கு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, பாட்டு சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும், கல்லூரி வளாகத்துக்கு வெளியே எடுக்க வேண்டும். விதிகள் அவ்வளவுதான். நான் வழிகாட்டியாக இருந்த குழுவில் ஐந்து பேர். இயக்கம் ஒரு மாணவர், ஒளிப்பதிவு ஒரு மாணவி, எடிட்டிங் ஒரு மாணவர், பாட்டெழுதி மெட்டுப் போட்டுப் பாடியது ஒரு மாணவி, அனுமதியிலிருந்து சாப்பாடு வரை தயாரிப்பு வேலை மொத்தத்தையும் தலையில் போட்டுக்கொண்டது இன்னொருவர். பாடகியின் வீட்டில் தலைமுறைகளாக அளத்து வேலை. அதனால் களம் தூத்துக்குடி உப்பளம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வாக்குவாதமெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

மாணவர்கள் எடுக்கும் இசைக் காணொளிகளில் பெரும்பாலானவை பாட்டின் அடிக்கு ஏற்ப ஷாட்டுகளை நறுக்கி அடுக்குவதோடு முடிந்துவிடுகின்றன. இந்தக் குழு எடுக்கப் போனது வேலை செய்துகொண்டிருக்கும் மனிதர்களை. உப்பு வாரும் கைக்குத் தனியே ஒரு தாளம் இருக்கிறது. பாட்டின் தாளமும் வேலையின் தாளமும் மோதும் இடத்தில் எது வழிவிட வேண்டும் என்ற கேள்வி, திட்டத் தாள் எழுதிய நாளிலிருந்து எடிட்டை லாக் செய்யும் (இனி மாற்றமில்லை என்று முடிக்கும்) வரை இவர்களை விடவில்லை. பாட்டுதான் வழிவிட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. அதை எப்படிச் செய்வது என்று கண்டுபிடித்தது அவர்கள்.

பாட்டும் பருவமும்

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வருகிறது. நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தி பாத்தியாக விட்டு வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். உவர்நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவில் 24, 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படிகமாகத் தொடங்குகிறது. வெயில்தான் இங்கே மூலதனம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளம் படுத்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் உப்பளங்கள் பட்ட பாடு அந்த மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பாடகி எழுதிய பாட்டு அந்த வேலையில்லா மாதங்களைப் பற்றியது.

திட்டத்தின் முதல் முடிச்சு இங்கே விழுந்தது. பாட்டு மழைக்காலத்தைப் பாடுகிறது, படப்பிடிப்போ மார்ச்சில். ஏப்ரலில் ஒப்படைக்க வேண்டும். அப்போது அளம் முழு வீச்சில் இயங்கிக்கொண்டிருக்கும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. தண்ணீர் லாரி வாடகைக்குப் பிடித்துச் செயற்கை மழை பெய்விக்கலாமா என்று இயக்குநர் மாணவர் கேட்டார். உப்பு விளையும் பாத்திக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது என்பது ஒருவருடைய உழைப்பைக் கரைப்பது என்று பாடகி சொன்னதும் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

அதற்குப் பதிலாக இரண்டு காலங்களைப் பிரித்தார்கள். சரணங்களில் வெயில்: அளம், வேலை, வெளிச்சம். பல்லவிகளில் மழைக்காலம்: வீட்டுக்குள், பகலிலேயே எரியும் டியூப்லைட், சுவரில் சாய்த்து வைத்த உப்பு வாரும் பலகை, வேலைக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மா. வெளியே காட்ட வேண்டுமானால் ஓலை வேய்ந்து மூடிய உப்பு அம்பாரம் போதும். மழைக்கு முன்னால் உப்பை அப்படித்தான் குவித்து மூடி வைப்பார்கள். கோடையிலும் அப்படி மூடிய அம்பாரம் ஒன்றிரண்டு கண்ணில் படும். ஒரு சொட்டு மழை காட்டாமல் மழைக்காலத்தைச் சொல்வது என்ற இந்த முடிவு, பணத்தை மிச்சப்படுத்தியது. அதைவிட முக்கியமாக, பார்க்கிறவர் பாட்டு வரிகளைக் கவனித்துக் கேட்கும்படி செய்தது. படம் மழையைக் காட்டிவிட்டால் வரிக்கு என்ன வேலை?

தொண்ணூறு கட்டங்கள்

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 அடி. இது தற்செயலாக அமைந்ததல்ல. மெட்டு முதலில் 97-இல் இருந்தது. வினாடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கப் போகிறோம் என்று முடிவானதும், எடிட் செய்கிற மாணவர் கணக்குப் போட்டுப் பார்த்து 100-க்கு ஏற்றச் சொன்னார். 100 என்றால் ஓர் அடிக்கு 0.6 வினாடி, அதாவது மிகச் சரியாக 15 ஃப்ரேம். நான்கு அடி கொண்ட ஒரு கட்டத்துக்கு 60 ஃப்ரேம், 2.4 வினாடி. டைம்லைனில் அடி விழும் இடம் எங்குமே ஃப்ரேமுக்கு நடுவில் மாட்டாது. 97-ஐ விட்டிருந்தால் ஓர் அடி பதினைந்தரை ஃப்ரேமுக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும். பத்து கட்டம் தாண்டியதும் எந்த ஃப்ரேமில் வெட்டுவது என்று ஒவ்வொரு முறையும் காதை வைத்துத் தேட வேண்டியிருக்கும். மெட்டு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே எடிட்டர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு நல்லது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பாட்டு மொத்தம் 216 வினாடி, 90 கட்டம், 5,400 ஃப்ரேம். ஒரு சார்ட் அட்டையில் 90 கட்டங்களையும் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். முன்னிசை 8, பல்லவி 12, இடையிசை 12, சரணம் 16, பல்லவி 6, இடையிசை 12, சரணம் 16, கடைசிப் பல்லவி 8. ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் மூன்று வரி: பாட்டு வரி, என்ன தெரிய வேண்டும், எங்கே எந்த நேரத்து வெளிச்சத்தில் எடுப்பது. ஸ்டோரிபோர்டு வரைய யாருக்கும் கை வரவில்லை. தேவைப்படவும் இல்லை. இந்தத் தாளே போதும் என்று நான் சொன்னேன், இப்போதும் அதையே சொல்வேன். வேலை நடக்கும் இடத்தில் கேமராவை எங்கே வைப்பது என்பதை வேலைதான் தீர்மானிக்கும். முன்கூட்டி வரைந்த கோணங்களைப் பிடித்துத் தொங்கினால் தொழிலாளியை நகர்ந்து நிற்கச் சொல்ல நேரும்.

அந்தத் தாளில் முதலில் நிரம்பாமல் கிடந்தது இரண்டாவது இடையிசை, 55 முதல் 66 வரையான கட்டங்கள். “இங்கே ஏதாவது டான்ஸ் மாதிரி” என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார்கள். வரப்பு மேல் நண்பர்கள் நடனமாடுவது, ட்ரோன் சுற்றி வருவது. ட்ரோன் பேச்சு சீக்கிரமே அடங்கியது. 2021 ட்ரோன் விதிகளின்படி பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கிற ஊரில் மண்டல வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைத் தூக்குவது மாணவர்களுக்கு ஆகாத வேலை. உயரத்திலிருந்து ஒரு காட்சி வேண்டும்தான். உப்பு ஏற்ற வந்த லாரியின் மேலே ஏறி நின்று எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. நடனம் மட்டும் தாளிலேயே கிடந்தது.

அனுமதி

அளத்து உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது எளிதாக இருந்தது. தொழிலாளர்களிடம் கேட்பதுதான் பொறுமை கேட்ட வேலை. தயாரிப்பு மாணவர் படிவத்தைத் தமிழில் எழுதி, வேலை முடிந்து அவர்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரத்தில் வாசித்துக் காட்டினார். என்ன எடுக்கிறோம், எங்கே போடுவோம், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று மூன்று விஷயம். நிழலில் இருந்த மூத்தவர் ஒருவர், “முகம் தெரிஞ்சா கணக்கப்பிள்ளை ஏதாவது சொல்லுவாரா?” என்று கேட்டார். அண்ணாச்சி கேட்டது நியாயம் என்று சொல்லி, கணக்கப்பிள்ளையையும் அதே இடத்துக்கு அழைத்து வந்து எல்லோர் முன்னாலும் பேசினார்கள்.

அப்போது குழுவே இரண்டு கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டது. கேமராவுக்காக யாரும் வேலையை நிறுத்தவோ திரும்பச் செய்யவோ கேட்கக் கூடாது. பாடகி பாத்திக்குள் இறங்கக் கூடாது. வரப்பில்தான் நிற்பாள், வேலை செய்வதுபோல் நடிக்க மாட்டாள். இரண்டாவது கட்டுப்பாட்டைப் பாடகியே வைத்தாள். பாத்தித் தரையை மிதித்து மிதித்துப் பதமாக்கி வைத்திருக்கிறார்கள், பழக்கமில்லாத கால் பட்டால் சேறு கலங்கி உப்பு அழுக்காகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெளிச்சம்

மார்ச் நடுவில் தூத்துக்குடியில் சூரியன் 6.20-ஐ ஒட்டி உதிக்கும். அளத்தில் வேலை அதற்கு வெகு முன்பே இருட்டில் தொடங்கிவிடுகிறது, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதற்காக. ஒளிப்பதிவு மாணவிக்குக் கிடைத்த நேரம் விடிந்ததிலிருந்து ஏறக்குறைய 9 மணி வரை. அதற்குள் எடுத்தால்தான் வேலையும் இருக்கும், வெளிச்சமும் சாய்வாக இருக்கும்.

உப்பளத்தில் கேமராவின் தானியங்கி அளவீட்டை நம்பக் கூடாது. கேமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை வெளேரென்ற உப்பு திரையை நிறைத்தால் அதையும் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது இருண்டு போவது தொழிலாளியின் முகம். வெயிலில் கறுத்த முகம், அதன் மேல் தலைத்துண்டின் நிழல், பின்னால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. பரிசோதனைக்காக எடுத்த முதல் ஷாட்டுகளில் மனிதர்கள் எல்லோரும் கறுப்பு உருவங்களாக இருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. இயக்குநர் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒளிப்பதிவு மாணவி மறுத்துவிட்டாள்: முகத்தைக் காட்டச் சம்மதம் வாங்கிவிட்டு முகமில்லாமல் எடுப்பதா என்று. எட்டு பிட் பதிவில் இருண்ட முகத்தை எடிட்டில் தூக்கினால் புள்ளி புள்ளியாகக் குருணை எழும் என்பது தொழில்நுட்பக் காரணம். முதல் காரணமே எனக்குப் பெரிதாகப் பட்டது.

முகத்துக்கு அளவு வைத்தார்கள். உப்பின் ஓரங்கள் கொஞ்சம் வெந்து போனால் போகட்டும். ஷட்டர் 1/50-இல் நிலையாக, வெள்ளைச் சமநிலை 5,600 கெல்வினில் பூட்டி, வெளிச்சத்தைக் குறைக்க என்டி ஃபில்டர். கடும் வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் லென்ஸின் துளை எஃப் 22 வரை சுருங்க வேண்டும். எஃப் 4-இல் எடுக்க ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தை மறைத்தாக வேண்டும், உப்பின் பிரதிபலிப்புக்கு இன்னும் ஒரு ஸ்டாப். ஃபில்டர் இல்லாமல் ஷட்டரை 1/2000-க்கு ஏற்றி எடுக்கும் காணொளிகளில் கை கால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். பலகை இழுக்கும் அசைவுதான் உயிர் என்று தெரிந்த பிறகு அதைச் செய்ய முடியாது.

ரிஃப்ளெக்டர் எதுவும் கொண்டுபோகவில்லை. தரையே ரிஃப்ளெக்டர். 7.30 மணி வாக்கில் குவித்த உப்பில் பட்ட வெயில் கீழிருந்து மேலாக எழும்பி, தலைத்துண்டுக்குள் ஒளிந்திருந்த முகத்தின் தாடையையும் மூக்கின் அடிப்பக்கத்தையும் மெல்ல வெளுக்க வைத்தது. கண்ணுக்குள் கீழ்ப்பாதியில் ஒரு வெள்ளைக் கோடு. எந்த விளக்கு வைத்தும் இதை அமைக்க முடியாது. முதல் சரணத்தின் மிக நெருக்கமான ஷாட்டுகள் எல்லாம் அந்த நேரத்தில் எடுத்தவை.

வீட்டுக்குள் எடுத்த காட்சிகளுக்கு இடம் சிறிது என்பதால் செல்போனைப் பயன்படுத்தினார்கள். அங்கே வேறு சிக்கல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். செல்போன் தன்னிஷ்டத்துக்கு 30 ஃப்ரேமும் 1/60 ஷட்டருமாக ஓடினால் சுவரில் பட்டை பட்டையாக ஊர்ந்து போகும். 25 ஃப்ரேம், 1/50 என்று பூட்டக் கூடிய செயலி ஒன்றைப் போட்டதும் பட்டை நின்றது. செல்போனின் சாதாரண கேமரா ஃப்ரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை என்பதும் இன்னொரு தொல்லை. வரி பாடத் தொடங்கும்போது உதடு பொருந்தும், வரி முடியும்போது விலகியிருக்கும். அப்படி எடுத்துவிட்ட சில துண்டுகளை எடிட்டுக்குள் கொண்டுவருமுன் நிலையான 25-க்கு மாற்றிக்கொண்டார்கள்.

உதடு நான்கு ஃப்ரேம் முந்தியது

பாடகி வரப்பில் நின்று பாட, பக்கத்திலேயே ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். பாட்டின் முன்னால் நான்கு டிக் ஒலி சேர்த்திருந்தார்கள். கேமராவின் மைக்கில் பதிவாகும் ஸ்பீக்கர் ஒலியை ஸ்டுடியோ பாட்டின் அலைவடிவத்தோடு பொருத்தினால் உதடு தானாகப் பொருந்திவிட வேண்டும். நெருக்கமான ஷாட்டுகள் எல்லாம் அப்படியே பொருந்தின. அகல ஷாட் ஒன்றில் மட்டும் உதடு முந்திக்கொண்டு போனது. அந்த ஷாட்டில்தான் முன்னால் தொழிலாளர்களும் பின்னால் பாடகியும் ஒரே வரிசையில் அமுங்கித் தெரிவார்கள், விடவும் மனமில்லை.

பாடகி சரியாகப் பாடவில்லை, அந்த டேக்கில் அவள் அவசரப்பட்டுவிட்டாள் என்று முதலில் பேச்சு எழுந்தது. அவள் ஏற்கவில்லை. அலைவடிவம் ஒரு மயிரிழையும் பிசகாமல் பொருந்தியிருந்தது. அப்புறம் எங்கே கோளாறு? தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் போட்ட கேமரா இரண்டு வரப்பு தள்ளி இருந்தது, ஏறத்தாழ 55 மீட்டர். ஸ்பீக்கரோ பாடகியின் காலடியில். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 55 மீட்டரைக் கடக்க அதற்கு 0.16 வினாடி வேண்டும், அதாவது 4 ஃப்ரேம். வெளிச்சத்துக்கு அந்தத் தாமதம் கிடையாது. கேமரா உதட்டை உடனே பார்த்தது, பாட்டை நான்கு ஃப்ரேம் கழித்துக் கேட்டது. ஒலியை வைத்துப் பொருத்தினால் உதடு நான்கு ஃப்ரேம் முந்தத்தான் செய்யும். படத்தை நான்கு ஃப்ரேம் தாமதமாக வரும்படி நகர்த்தியதும் வாயும் வரியும் சேர்ந்தன. ஏறக்குறைய 14 மீட்டருக்கு ஒரு ஃப்ரேம் என்ற இந்தக் கணக்கைத் தூரத்திலிருந்து லிப் சிங்க் (பாட்டுக்கு உதடு அசைப்பது) எடுக்கும் எல்லா மாணவர்களும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பாடகியை இன்னொரு முறை வெயிலில் நிறுத்தியிருந்தாலும் இதே பிசகுதான் வந்திருக்கும்.

கடைசிப் பல்லவியில் ஒரே ஒரு மெதுவியக்க ஷாட் இருக்கிறது. வினாடிக்கு 50 ஃப்ரேம் எடுத்து, பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்திலேயே அவள் பாடினாள். 25-இல் ஓட்டும்போது முந்தானையும் பின்னால் பறக்கும் உப்புத் தூசியும் பாதி வேகத்தில் நகர, உதடு மட்டும் பாட்டோடு சரியாக ஓடுகிறது. வீட்டில் பல நாள் பழகிவிட்டு வந்திருந்தாள். ஓர் இடத்தில் மட்டும் வைத்ததால்தான் அது நிற்கிறது.

உப்புக் காற்று கருவிகளுக்குப் பகை. ஸ்டாண்டின் கால்களை அன்றன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தார்கள். லென்ஸை வரப்பில் வைத்து மாற்றவே இல்லை. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். ஊருக்குத் திரும்பும் முன்பே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டையும் வெவ்வேறு ஆளின் பையில் வைத்தார்கள்.

மூன்று இழுப்பு, நான்கு கட்டம்

முதல் எடிட்டில் இரண்டு அடிக்கு ஒரு கட். 30 ஃப்ரேமுக்கு ஒருமுறை படம் மாறியது. கணக்குப்படி 180 ஷாட். துல்லியமாக வெட்டியிருந்தார். பார்க்க விறுவிறுப்பாக இருந்தது. பார்த்து முடித்ததும் உப்பு விளம்பரம் பார்த்ததுபோல் இருந்தது என்று பாடகி சொன்னாள். பலகையைத் தூக்குவது ஒரு ஷாட், தண்ணீரில் வைப்பது ஒரு ஷாட், இழுப்பது ஒரு ஷாட் என்று துண்டாகிப் போனதில், அந்த வேலைக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதே தெரியாமல் போயிருந்தது.

படப்பிடிப்பின்போதே இதற்கான எச்சரிக்கை கிடைத்திருந்தது. ஏற்றுக்கொண்ட கட்டுப்பாட்டை மறந்து இயக்குநர் ஒரு தடவை உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “அக்கா, பாட்டுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் வேகமா இழுக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டார். அந்த அக்கா கையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “பாட்டு ஓடுற வேகத்துக்கு இழுத்தா சேறும் சேர்ந்து வந்துரும் தம்பி. உப்பு பாழாப் போவும்.” பலகையை முன்னால் நீட்டி மெதுவாக இறக்கி, படிந்த உப்பின் மேல்தட்டை மட்டும் உடைத்து, அடிச் சேற்றைத் தொடாமல் வரப்புவரை இழுத்து, கடைசியில் ஒரு சின்ன உலுக்கலில் தண்ணீரை வடியவிட்டு மேலே ஏற்றுகிறார்கள். அந்த நிதானமே தொழில்திறம். வேகத்தைக் கூட்டச் சொல்வது அந்தத் திறமையைக் கைவிடச் சொல்வதற்குச் சமம். எடிட்டில் துண்டு துண்டாக வெட்டியதும் அதையேதான் செய்தது.

எடிட் மாணவர் ஓர் இழுப்பு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று டைம்லைனில் வரிசையாக அளந்து பார்த்தார். ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும், அந்த அக்காவின் இழுப்பு ஒவ்வொன்றும் 3.2 வினாடியை ஒட்டியே வந்தது. பாட்டின் கட்டம் 2.4 வினாடி. பொருந்தாது என்று சலித்துக்கொண்டிருந்தபோது பாடகிதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: மூன்று இழுப்பு 9.6 வினாடி, நான்கு கட்டமும் 9.6 வினாடி. தாளம் தெரிந்த காதுக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. இழுப்பு ஒரு கணக்கில் போகட்டும், பாட்டு ஒரு கணக்கில் போகட்டும். நான்காவது கட்டம் முடியும் இடத்தில் இரண்டும் ஒன்றாக வந்து விழும்.

தாளில் காலியாகக் கிடந்த இரண்டாவது இடையிசை அப்போதுதான் நிரம்பியது. 59 முதல் 62 வரை நான்கு கட்டங்களில் பாடகி பறையையும் பாஸையும் எடுத்துவிட்டு, தம்பூரா மாதிரி ஒற்றைச் சுருதியை மட்டும் வைத்தாள். அந்த இடத்தில் அளத்தில் பதிவு செய்த பலகையின் ஒலி. உப்பு உடைந்து நெரியும் ஓசை, தண்ணீர் சலசலப்பு, வரப்பில் விழும் சொத்தென்ற சத்தம். படத்தில் ஒரே ஷாட். அக்கா மூன்று முறை இழுக்கிறார். மூன்றாவது குவியல் வரப்பில் விழும் ஃப்ரேமில் 63-ஆவது கட்டத்தின் முதல் அடியாகப் பறை திரும்ப வருகிறது. மனிதக் கை கடிகாரம் அல்ல. உண்மையான ஷாட் 9.6-ஐவிடக் கொஞ்சம் நீளம்தான். வேகத்தை மாற்றி இழுத்துப் பொருத்தலாமே என்று நான் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் படத்தைத் தொடவில்லை. சுருதி மட்டும் ஒலிக்கும் அந்த இடத்தில் பாட்டை 7 ஃப்ரேம் நீட்டினார்கள். தாளம் இல்லாத இடம் என்பதால் யார் காதுக்கும் தெரியாது. பாட்டு வழிவிட்டது.

அந்தப் பத்து வினாடி அமைந்த பிறகு மற்ற எல்லா வேலைக் காட்சிகளையும் திரும்ப எடிட் செய்தார்கள். ஓர் இழுப்பு தொடங்கினால் முடியும்வரை கட் இல்லை. அடியில் வெட்டுவது வீட்டுக் காட்சிகளுக்கும் பாடகியின் ஷாட்டுகளுக்கும் மட்டும். ஷாட்டுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. படம் மெதுவாகிவிடும் என்று பயந்த இயக்குநரே, இப்போதுதான் பாட்டு காதில் விழுகிறது என்றார்.

கலர் வேலையில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. செல்போன் காட்சிகளையும் கேமரா காட்சிகளையும் ஒத்துப்போக வைத்தார்கள். உப்பு நீலம் பாயாமல் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக் காட்சிகளில் டியூப்லைட்டின் பச்சைச் சாயலைக் கொஞ்சம் விட்டு வைத்தார்கள். ஒலி மிக்ஸில் மொத்தச் சத்தத்தை -14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்தினார்கள். யூடியூப் அதற்கு மேல் போவதை எப்படியும் இறக்கிவிடும். சத்தத்தை முட்ட முட்ட ஏற்றியிருந்தால் பலகையின் ஒலிக்கும் பறைக்கும் இடையே இருந்த ஏற்ற இறக்கம் தட்டையாகியிருக்கும்.

லாக் செய்யும் முன்

எடிட்டை லாக் செய்வதற்கு முன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனார்கள். வெயிலில் திரை தெரியாது என்பதால் ஓலைக் கொட்டகைக்குள் துண்டு போர்த்தி, இரண்டிரண்டு பேராகப் பார்த்தார்கள். தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவரையொருவர் கிண்டல் செய்தார்கள். மூன்று இழுப்பு வரும் இடத்தில் அந்த அக்கா, “அது என் பலகைச் சத்தம்தான்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

ஒரு அம்மா மட்டும் ஒரு ஷாட்டை எடுத்துவிடச் சொன்னார். உப்பு அரித்து வெடித்த குதிகால்களின் நெருக்கமான ஷாட் அது. வெடிப்புக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பு, அதன் மேல் காலை வெயில். ஒளிப்பதிவில் மொத்தக் காணொளியிலும் அதுவே ஆகச் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். “மக கல்யாணத்துக்கு வாரவங்க பார்ப்பாங்கம்மா, கால எடுத்துருங்க” என்றார். முகம் தெரியாதே, யார் கால் என்று யாருக்குத் தெரியும் என்று இயக்குநர் சொல்லிப் பார்த்தார். “எனக்குத் தெரியும்ல” என்றார் அந்த அம்மா. ஒளிப்பதிவு மாணவி அங்கேயே உட்கார்ந்து அந்த ஷாட்டைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓலை மூடிய அம்பாரத்தை வைத்து அவருக்குப் போட்டுக் காட்டினாள். எடுத்தது அவள், கேட்டதும் அவளிடம்தான். முடிவும் அவளே எடுத்தாள்.

பெயர்ப் பட்டியலில் தொழிலாளர்களின் பெயர்கள் குழுவின் பெயர்களுக்கு முன்னால் வருகின்றன, அவர்கள் சொன்ன வரிசையில், அவர்கள் அழைக்கப்படும் பெயரிலேயே. இரண்டு பேர் பெயர் வேண்டாம் என்றார்கள், சேர்க்கவில்லை. எல்லோர் பெயரும் படிக்கும்படி நிற்க வேண்டுமானால் பாட்டு முடிந்த பிறகு இன்னும் 12 வினாடி தேவைப்பட்டது. நான்கு நிமிட வரம்புக்குள் அதற்கு இடம் இருந்தது. அந்த 12 வினாடிக்கு அளத்தில் பதிவு செய்த வெறும் காற்றொலியை வைத்துக் கோப்பை ஒப்படைத்தார்கள்.